பாடு அவர்களுக்கு, பாடுபடுவது நாமா?

'திறமை இருந்தால் குடிசையில் பிறந்தவனும் நட்சத்திரம் ஆகலாம்.' சினிமாப் பத்திரிகைகள் பல பத்தாண்டுகளாக விற்றுக்கொண்டிருக்கிற சரக்கு இது. ஏழு வயசில் சின்னத்திரையில் முகம் காட்டிய குழந்தை, இருபது வயசுக்குள் பெரிய திரையில் கதாநாயகன், கதாநாயகி. அட்டையில் சிரிக்கிற முகம். உள்ளே நாலு பக்கத்துக்கு 'உழைப்பால் உயர்ந்த வரலாறு'. அதைப் பார்த்துவிட்டு நம்ம வீட்டுப் பிள்ளையும் கண்ணாடி முன்னால் போய் நிற்கிறது. முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கிறது. அப்புறம் பவுடர் டப்பாவைத் தேடுகிறது.

அந்தப் பவுடர் டப்பாவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். உயர்ந்தார், உயர்ந்தார் என்கிறீர்களே, ஏணி யார் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது? ஏணிக்கு யார் துட்டு கொடுத்தது? கீழே நின்று பிடித்துக்கொண்டது யார்? இதை எந்தப் பத்திரிகையும் நாலு பக்கத்துக்கு எழுதுவதில்லை.

நான் பசியாவரத்துக்காரன். சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரித் தண்ணீருக்கு நடுவே கிடக்கிற ஊர். ஒரிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது என்று பாடப்புத்தகம் பெருமைப்பட்டுக்கொள்ளும். அந்த ஏரியில் யார் எங்கே வலை போடலாம், யார் போடக்கூடாது என்பது மட்டும் பாடப்புத்தகத்தில் இருக்காது. அதற்குப் பேர் பாடு.

வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் சில உண்டு. முகத்துவாரத்து நீரோட்டம் வந்து போகிற இடங்கள். அங்கே எவன், எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை பிரித்துக்கொள்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அடிதடி இல்லாமல் பங்கு பிரிக்கிற அருமையான ஏற்பாடு என்று ஆராய்ச்சிக்காரர்கள் படகேறி வந்து பாராட்டி எழுதிவிட்டும் போகிறார்கள். ஆனால் அந்த முறையில் பேர் சேர வேண்டுமானால் இன்ன சாதியில், இன்ன குப்பத்தில் பிறந்திருக்க வேண்டும். பட்டினவரில் குறிப்பிட்ட சில குப்பத்துத் தலைக்கட்டுகளுக்குத்தான் பாடு. பறையருக்கு இல்லை. இருளருக்கு இல்லை. இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். அதே ஏரி, அதே இறால். ஒருத்தனுக்கு முறை இருக்கிறது. இன்னொருத்திக்கு வெறுங்கைதான் இருக்கிறது.

பாடு அவர்களுக்கு. பாடுபடுவது நமக்கு.

சினிமாவும் ஒரு ஏரிதான் தோழர்களே. அங்கேயும் பாடு இருக்கிறது. எழுதி வைக்காத பாடு. சீட்டு குலுக்குவதற்கு முன்னாலேயே யார் பேர் சீட்டில் இருக்கலாம் என்று முடிவு பண்ணி வைத்திருக்கிற பாடு.

ஹன்சிகா மோத்வானியை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெண்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. குழந்தையிலிருந்து உழைத்தவர். என் கேள்வி அவரிடம் இல்லை, அவர் ஏறிப்போன படிக்கட்டிடம். 1991-ல் மும்பையில் பிறந்தார். இந்தித் தொலைக்காட்சியில் 'ஷகலக பூம் பூம்' என்று குழந்தைகள் தொடர் ஒன்று வந்தது. ஒரு பையன் கையில் மந்திரப் பென்சில். அதில் வரைந்ததெல்லாம் நிஜமாகிவிடும். அந்தத் தொடரில் நடித்தார். 2003-ல் 'கோயி மில் கயா' படத்தில் ஹிருத்திக் ரோஷனைச் சுற்றி வருகிற குழந்தைக் கூட்டத்தில் ஒருவர். 2007 சனவரியில் 'தேசமுதுரு' என்ற தெலுங்குப் படத்தில் அல்லு அர்ஜுனுக்குக் கதாநாயகி. கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினாறு வயசு நிரம்பவில்லை. 2011-ல் தமிழுக்கு வந்தார். அந்த ஒரே வருசத்தில் 'மாப்பிள்ளை', 'எங்கேயும் காதல்', 'வேலாயுதம்'. தனுஷ், ஜெயம் ரவி, விஜய் என்று வரிசையாக மூன்று கதாநாயகர்கள்.

இன்னொருவர் அவிகா கோர். 2008-ல் தொடங்கிய 'பாலிகா வது' தொடரில் குழந்தைத் திருமணத்தில் மாட்டிக்கொண்ட ராஜஸ்தான் கிராமத்துச் சிறுமியாக நடித்தார். தமிழில் 'மண்வாசனை' என்று பேர் மாற்றி வந்தது. எங்க ஊர்ப் பெண்கள் அந்தப் பிள்ளைக்காக அழுதார்கள். அய்ந்து வருசம் கழித்து, 2013-ல், 'உய்யால ஜம்பாலா' என்ற தெலுங்குப் படத்தில் அவர் கதாநாயகி.

ரெண்டு பேர் கதையிலும் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். குழந்தை வேடம் அவர்களுக்கு முதல் படி. அதில் காலை வைத்தால் அடுத்த படி தானாக வந்து காலுக்கடியில் நிற்கிறது. மந்திரப் பென்சில் நிஜமாகவே இருக்கிறது. யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அந்தப் பென்சிலை உடைத்துப் பார்ப்போமா, உள்ளே என்ன இருக்கிறதென்று? படப்பிடிப்பு நடக்கிற நகரத்திலேயே ஒரு வீடு. குழந்தை நடிக்கும்போது நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கூலி இழப்பு இல்லாத ஒரு பெரியவர். நாள் கணக்கில் லீவு கேட்டால் முகம் சுளிக்காத பள்ளிக்கூடம். நல்ல போட்டோ எடுத்துக் கொடுக்கக் காசு. நடனம் கற்றுக்கொள்ளக் காசு. ஆறு மாசம் வேலை வராவிட்டாலும் அணையாத அடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, 'கேமராவுக்கு ஏற்ற முகம்' என்று அவர்களே பேர் வைத்திருக்கிற அந்த வெள்ளை முகம்.

பசியாவரத்திலிருந்து ஒரு பெண் குழந்தை வடபழனிக்கு ஆடிஷனுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரியைத் தாண்டணும். பழவேற்காட்டில் பஸ் ஏறணும். பொன்னேரியில் கரண்ட் ரயில் பிடிக்கணும். சென்ட்ரலில் இறங்கி மறுபடியும் பஸ். போய்ச் சேர்வதற்குள் தலை கலைந்து, முகம் காய்ந்து, குழந்தை தூங்கி விழும். கூட யார் போவது? அம்மா இறால் கூடையைத் தூக்கினால்தான் ராத்திரிச் சோறு. அப்பன் தண்ணீரில் நிற்கிறான். 'ஒரு நாள் கூலி போனா போவுது' என்று சொல்ல முடியாத வீட்டிலிருந்து எந்தக் குழந்தையும் நட்சத்திரம் ஆக முடியாது. திறமை அப்புறம். முதலில் பஸ்ஸுக்குத் துட்டு.

சரி, போய்ச் சேர்ந்தாள் என்றே வைப்போம். தமிழ் தெரியாத முகத்துக்குத் தமிழ்க் குரல் கடன் கொடுக்க இங்கே ஆள் இருக்கிறது. திரைக்குப் பின்னால் ஒருத்தி பேசுவாள், திரையில் இன்னொருத்தி வாயசைப்பாள். அப்படியே தமிழ்நாட்டின் கனவுக்கன்னி ஆகிவிடலாம். தமிழ் தண்ணீராக ஓடுகிற கருத்த முகத்துக்கு என்ன கடன் கொடுப்பார்கள்? பவுடர் கொடுப்பார்கள். அதுவும் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிற்பதற்கு.

2006-ல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தது. 2007-ல் குழந்தைகளுக்கென்றே சுட்டி டிவி வந்தது. ஓலை வீட்டுக்குள்ளும் பெட்டி வந்தது. பெட்டி எங்க வீட்டுக்குள் வந்தது, நாங்கள் பெட்டிக்குள் போகவில்லை. பார்க்கிறவர்களாக இருக்க எங்களுக்கு முழு இட ஒதுக்கீடு. நூற்றுக்கு நூறு.

'கருத்த பிள்ளைகள், குப்பத்துப் பிள்ளைகள் நடிக்கவே இல்லையா?' என்று கேட்பீர்கள். நடித்தார்கள். அதைத்தான் அடுத்துப் பேச வேண்டும். அங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது.

2015 சூனில் 'காக்கா முட்டை' வந்தது. மணிகண்டன் இயக்கிய நல்ல படம். அதற்கு முந்தின வருசமே டொரன்டோ திரைப்பட விழாவில் காட்டினார்கள். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. சென்னையின் குடிசைப் பகுதியிலிருந்து வந்த விக்னேஷ், ரமேஷ் இருவருக்கும் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது. அந்தப் படத்தில், பிள்ளைகள் மரமேறிக் காக்கா முட்டை எடுக்கிற இடத்தில் ஒரு பிட்சா கடை வருகிறது. கடையைத் திறந்து வைக்க ஒரு நட்சத்திரம் வருகிறார். யார்? சிலம்பரசன். சிலம்பரசனாகவே வருகிறார்.

எனக்கு அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. சிலம்பரசன் யார்? அவரும் குழந்தை நட்சத்திரம்தான். தந்தை டி.ராஜேந்தர் படங்களில் விவரம் தெரியாத வயசிலிருந்து நடித்தவர். 2002-ல் தந்தையே இயக்கிய 'காதல் அழிவதில்லை' படத்தில் கதாநாயகன் ஆனவர். ஒரே படத்தில் ரெண்டு வகைக் குழந்தை நட்சத்திரம் இருக்கிறது, பாருங்கள். ஒருவர் கடைக்கு ரிப்பன் வெட்டுகிறார். ரெண்டு பேர் கடை வாசலில் வாய் பார்த்து நிற்கிறார்கள். இயக்குநர் பிட்சாவைப் பற்றி எடுத்தாரோ, சினிமாவைப் பற்றி எடுத்தாரோ, எனக்குத் தெரிந்தவரை தமிழ்ச் சினிமா தன் பாடு முறையைத் தானே காட்டிக்கொடுத்த இடம் அதுதான்.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை. 1988-ல் மீரா நாயரின் 'சலாம் பம்பாய்' வந்தது. தெருவில் திரிந்த சஃபீக் சையது என்ற பையன்தான் படத்தையே தூக்கி நிறுத்தினான். படம் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. பையனுக்கு தேசிய விருது. பிறகு? பெங்களூரில் ஆட்டோ ஓட்டினார். ஆட்டோ ஓட்டுவது கேவலமில்லை; என் சொந்தக்காரன் பாதிப் பேர் அதில்தான் சாப்பிடுகிறான். ஆனால் தேசிய விருது வாங்கின எந்த நடிகர் வீட்டுப் பிள்ளை ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிறது, காட்டுங்கள் பார்க்கலாம்.

'ஸ்லம்டாக் மில்லியனர்' எட்டு ஆஸ்கர் வாங்கியது. அதில் நடித்த மும்பைக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் அசாருதீன் இஸ்மாயிலையும் ரூபினா அலியையும் 2009 பிப்ரவரியில் விமானத்தில் அழைத்துப்போய் விழாவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதே வருசம் மே மாசம், பாந்த்ராவில் அந்தப் பிள்ளைகளின் குடிசைகளை அதிகாரிகள் இடித்துத் தள்ளினார்கள். திரையில் இருந்த குடிசைக்குப் பரிசு. தரையில் இருந்த குடிசைக்குப் புல்டோசர்.

ஆக, அவர்கள் பிள்ளைக்குக் குழந்தை வேடம் ஆரம்பம். நம்ம பிள்ளைக்கு அதுவே முடிவு. ஏன் இப்படி? 'அந்தப் பிள்ளைகள் நடிக்கவே இல்லை சார், வாழ்ந்தார்கள்' என்று விமர்சகர்கள் எழுதுகிறார்களே, அந்தப் பாராட்டில் இருக்கிறது பதில். வாழ்ந்தார்கள் என்றால் என்ன பொருள்? நடிக்கத் தெரியாது என்று பொருள். கேமராவை வைத்தோம், அதுகள் பாட்டுக்கு இருந்தன என்று பொருள். வெள்ளை முகம் அழுதால் அது கலை. நம்ம பிள்ளை அழுதால் அது இயற்கை. மழை பெய்கிற மாதிரி, நாய் குரைக்கிற மாதிரி. இயற்கைக்கு யாராவது சம்பளம் உயர்த்திக் கொடுப்பார்களா? அடுத்த படத்துக்கு முன்பணம் கொடுப்பார்களா?

நாம் நாமாக நடித்தால் விருது கொடுப்பார்கள். நாம் வேறு ஆளாக நடித்தால்?

அதற்கும் வரலாறு இருக்கிறது. மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. எடுத்தவர் ஜே.சி.டானியல். கதாநாயகியாக நடித்தவர் பி.கே.ரோசி, புலையர் சாதியில் பிறந்த உழைக்கும் பெண். அவர் நடித்த வேடம் நாயர் பெண். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். திருவனந்தபுரத்தில் படம் ஓடும்போது திரைமேல் கல் விழுந்தது. தன் படத்தையே உட்கார்ந்து பார்க்க விடவில்லை. வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஊரைவிட்டு ஓடி, தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, பேரை மறைத்து வாழ்ந்து செத்தார். புலையப் பெண் புலையப் பெண்ணாக நாற்று நட்டு நடித்திருந்தால் கல் விழுந்திருக்காது. நாயர் பெண்ணாகச் சேலை கட்டிப் பூ வைத்து நின்றாள் பாருங்கள், அங்கேதான் வலித்தது.

அவர்கள் மட்டும் நாமாக நடிக்கலாம். 2019-ல் 'பாலா' என்று ஓர் இந்திப் படம். கருப்பாக இருப்பதால் அவமானப்படுகிற பெண்ணைப் பற்றிய பாத்திரம். அதற்காவது ஒரு கருத்த பெண்ணைத் தேடினார்களா? இல்லை. பூமி பெட்னேகர் முகத்தில் மை பூசிக் கருப்பாக்கினார்கள். நம்ம அவமானத்தில் நடிக்கக்கூட நம்ம முகம் தகுதியில்லை. வேசம் போடுகிற உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறது. நாம் வேசம் மாற்றினால் மட்டும் ஊர் எரிகிறது.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. சில வருசங்களுக்கு முன்னால் எங்க ஏரிக்கரைக்கு ஒரு படப்பிடிப்புக் கூட்டம் வந்தது. கரையில் விளையாடுகிற பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வேண்டும் என்றார்கள். எங்க அக்கா மகளும் போனாள். சீரியலில் வருகிற எல்லாரையும் மாதிரி பேசிக் காட்டுவாள், தெருவே சிரிக்கும். முந்தின நாள் ராத்திரியே பாவாடை சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். விடிகாலையில் சோப்புப் போட்டுக் குளித்து, எண்ணெய் வைத்து, ரிப்பன் கட்டிக்கொண்டு போய் நின்றாள். ஒரு உதவி இயக்குநர் வந்து பார்த்தார். 'இது என்ன, இவ்வளவு க்ளீனா இருக்கு? கொஞ்சம் அழுக்கு பண்ணுப்பா' என்றார். ஒருத்தன் ஏரிச்சேற்றை எடுத்து அவள் கன்னத்திலும் சட்டையிலும் தேய்த்தான். ரிப்பனைப் பிடுங்கிப் போட்டான். கதாநாயகியின் சின்ன வயசு வேடத்துக்கு நகரத்திலிருந்து ஒரு குழந்தையைக் காரில் கூட்டி வந்திருந்தார்கள். அதற்கும் மீனவப் பெண் வேடம்தான். அந்தக் குழந்தையின் கன்னத்தில் சேறு இல்லை. சாயங்காலம் எங்க பிள்ளைகளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம். துட்டு ஏஜென்ட் கைக்குப் போனது, அவன் கைக்கு வந்தது கரைக்கு வரவில்லை.

'நான் குளிச்சிட்டுத்தானே மாமா போனேன்?' என்றாள் அவள். ஏழு வயசு.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த உதவி இயக்குநர் மட்டுமில்லை. எங்க பிள்ளை சுத்தமாக இருந்தால் 'யதார்த்தம்' கெட்டுவிடும் என்று நினைக்கிற மொத்தக் கலைக்கூட்டமும் சொல்ல வேண்டும். முற்போக்குப் படம் எடுக்கிறவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? பதினாலு வயசுக்குக் கீழே எந்தக் குழந்தையையும் வேலைக்கு வைக்கக்கூடாது. 1986-ஆம் வருசத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தி இதை ஆக்கினார்கள். ஆனால் ரெண்டு விலக்கு வைத்தார்கள். ஒன்று, பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலுக்கு உதவி பண்ணலாம். ரெண்டு, சினிமா, தொலைக்காட்சி, விளம்பரங்களில் கலைஞராக வேலை செய்யலாம். ஒரே சட்டம், ஒரே பிரிவு, ரெண்டு கதவு. இந்த ரெண்டு கதவு வழியாக எந்தெந்த வீட்டுப் பிள்ளை போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கதவு ஸ்டூடியோவுக்குத் திறக்கிறது. இன்னொரு கதவு சேற்றுக்குத் திறக்கிறது. 'குடும்பத் தொழில்' என்று சட்டப்புத்தகத்தில் எழுதினால் நம்ம நாட்டில் அதற்குச் 'சாதித் தொழில்' என்றுதான் அர்த்தம். குலக்கல்வித் திட்டத்தை 1954-ல் தெருவில் இறங்கித் தோற்கடித்த தமிழ்நாட்டில் இது ஒரு பெரிய சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

கலைஞர் என்ற கதவுக்கு 2017-ல் விதிமுறைகளும் போட்டார்கள். நாளைக்கு அய்ந்து மணி நேரத்துக்கு மேல் குழந்தையை வேலை வாங்கக்கூடாது. இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் ஆட்சித் தலைவரிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். குழந்தை சம்பாதிக்கிற பணத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை அந்தக் குழந்தை பேரில் தேசிய வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். குழந்தைக்கு விருப்பமில்லாமல் நடிக்க வைக்கக்கூடாது. நல்ல விதிகள். எங்க கரையில் சேறு பூசி நிறுத்திய பிள்ளைகளில் எத்தனை பேர் பேரில் வங்கிக் கணக்குத் திறந்தார்கள்? சேறு தேய்ப்பதற்கு முன்னால் எந்தப் பிள்ளையிடம் விருப்பம் கேட்டார்கள்? கூட்டத்தில் நிற்கிற குழந்தை 'கலைஞர்' கணக்கில் வராதாம். அப்படியானால் அது யார்? கடலா? மணலா?

'நீங்கள் பழைய பாட்டையே பாடுகிறீர்கள், காலம் மாறிவிட்டது' என்று சிலர் சொல்வார்கள். மாறியிருக்கிறது. யார் மாற்றினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2012-ல் பா.இரஞ்சித் 'அட்டகத்தி' எடுத்தார். 2018-ல் அவர் தயாரிப்பில் மாரி செல்வராஜ் 'பரியேறும் பெருமாள்' எடுத்தார். 2024-ல் மாரி செல்வராஜின் 'வாழை'யில் வாழைத்தார் சுமக்கிற சிறுவர்கள் ரெண்டு பேர் படத்தின் நாயகர்களாகவே நின்றார்கள். மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே 2013-ல் 'ஃபேன்ட்ரி' எடுத்தார். பன்றி பிடிக்கிற குடும்பத்துப் பையனாக நடித்த சோம்நாத் அவ்காடேவுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரம் விருது கிடைத்தது. அந்தப் படம் எப்படி முடிகிறது? ஊரே சுற்றி நின்று கேலி பண்ணும்போது அந்தப் பையன் ஒரு கல்லை எடுத்துக் கேமராவை நோக்கி எறிகிறான். ரோசி முகத்தைப் பார்த்து எறிந்த கல், அந்தப் படத்தில்தான் திசை மாறித் திரும்பி வந்தது.

ஆனால் அதே மஞ்சுளேவின் அடுத்த படத்துக்கு என்ன நடந்தது? 2016-ல் 'சைராட்'. சோலாப்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடச் சிறுமி ரிங்கு ராஜ்குரு அதில் கதாநாயகி. தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு வாங்கினார். மராத்தி சினிமாவே காணாத வசூல். உடனே இந்திக்காரர்கள் உரிமை வாங்கினார்கள். 2018-ல் 'தடக்' என்று வந்தது. கதாநாயகி யார்? சான்வி கபூர். 'துணைவன்' படத்தில் 1969-ல் குழந்தையாக நடித்து, 1976-ல் 'மூன்று முடிச்சு'வில் பதின்மூன்று வயசில் கதாநாயகியான ஸ்ரீதேவியின் மகள். அம்மா ஏறின படிக்கட்டை மகளுக்கு எழுதி வைக்க முடிகிறது. நம்ம பிள்ளை பெரும்பாடுபட்டு ஏறின ஒரு படியையும், கதையோடு சேர்த்து விலைக்கு வாங்கிவிட முடிகிறது. வாங்கும்போது கதையிலிருந்த சாதியை மட்டும் கழுவிவிட்டு வாங்கினார்கள்.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று. திரையில் முகம் தெரிவது பாடு இல்லை. வலை யாருடையது, கரையில் எடை போடுகிறவன் யார், விலை சொல்கிறவன் யார் – அதுதான் பாடு. இயக்குநர் நாற்காலியில், கதை எழுதுகிற மேசையில், காசு போடுகிற இடத்தில் நம்ம ஆள் உட்கார்ந்த படங்களில் மட்டும்தான் நம்ம பிள்ளை அழுக்காக இல்லாமல், ஆளாக நின்றிருக்கிறது. மற்ற இடங்களில் சேறுதான்.

அதனால் தோழர்களே, இரக்கமும் வேண்டாம், விருதும் போதாது. நாம் கேட்க வேண்டியதைக் கேட்போம்.

படப்பிடிப்பு என்று சொல்லி யார் நம்ம தெருவுக்கு வந்தாலும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது: ஆட்சித் தலைவர் அனுமதி எங்கே? எத்தனை மணி நேரம்? சம்பளம் எவ்வளவு, எழுத்தில் கொடு. 20 விழுக்காடு எந்த வங்கியில்? கூட்டத்தில் நிற்கிற பிள்ளைக்கும் இதெல்லாம் உண்டு என்று அரசு வெளிப்படையாக ஆணை போட வேண்டும். நம்ம சங்கங்கள் இதைத் தொழிலாளர் துறை வாசலில் போய்க் கேட்க வேண்டும். தெருவில் கூடினால் ஏஜென்ட் ஒதுங்கிப் போவான். நாலு கரையில் கூடினால் விதி நடைமுறைக்கு வரும்.

ரெண்டாவது, தரமணியில் எம்.ஜி.ஆர். பேரில் அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரி என்பதால் நமக்கு அங்கே இடம் இருக்கிறது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் சொல்லித் தருகிறார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளையை 'நர்சிங் போ, ஐ.டி.ஐ. போ' என்பதோடு நிறுத்தாமல், அங்கேயும் விண்ணப்பம் போட வையுங்கள். நூறு பேர் கூட்டத்தில் நிற்பதைவிட, ஒருத்தி கேமராவுக்குப் பின்னால் நிற்பது மேல்.

மூன்றாவது, கதை எழுதுகிற தோழர்களுக்கு. நம்ம பிள்ளையைப் பசியோடும் பன்றியோடும் மட்டுமே எழுதாதீர்கள். அந்தக் கதைகளும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் பேயோடு சிநேகம் பிடிக்கட்டும். திருடனைத் துப்புத் துலக்கட்டும். ஏரிமேல் பறந்து போகட்டும். மந்திரப் பென்சிலை அவள் கையில் கொடுத்து எழுதுங்கள். நாயர் பெண்ணாக நிற்க ரோசிக்கு இருந்த உரிமை, தன்னைத் தவிர வேறு யாராக வேண்டுமானாலும் நடிக்கிற உரிமை, அதுதான் நடிகரின் உரிமை. அது கிடைக்காதவரை நம்ம பிள்ளைகள் நடிகர்கள் ஆகவில்லை, காட்சிப் பொருள்கள்தான்.

பாடு முறையை ஆண்டவன் வகுத்துக் கொடுத்ததாக எங்க ஏரியிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்தபிறகு எங்க ஆட்களும் வலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். அடி வாங்கினோம், வலை அறுபட்டது, பஞ்சாயத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தோம். இன்னும் பங்கு முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் தண்ணீரைவிட்டு ஏறவில்லை.

சினிமா ஏரியிலும் அப்படித்தான் இறங்க வேண்டும். கரையில் சேறு பூசிக்கொண்டு நிற்பதற்கு அல்ல. வலையோடு.